எஃப்சி-150 லாரிக்கு டீசல் இன்ஜின்: அப்பா வேண்டும் என்கிறார், நான் வேண்டாம் என்கிறேன்

ஏலத்தோட்டத்தான், போடி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஒரு மகிந்திரா எஃப்சி-150 இருக்கிறது. மூக்கே இல்லாமல், முன்சக்கரத்தின் தலைமேல் டிரைவர் ஏறி உட்கார்ந்திருப்பது போன்ற அந்தச் சின்ன லாரி. இப்போதைய பையன்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். ஜீப்பின் சேசிஸில் பானெட்டை வெட்டி எறிந்துவிட்டுக் கேபினை முன்னால் தள்ளி, மிச்ச இடமெல்லாம் தொட்டி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அமெரிக்காவில் வில்லிஸ் 1950-களின் பிற்பகுதியில் கொண்டுவந்த வண்டி இது. இங்கே மகிந்திரா 1965-இல் செய்யத் தொடங்கியது. எங்களுடையது 1969 மாடல். தாத்தா அதை 1974-இல் இரண்டாம் கையாக வாங்கினார். அன்றிலிருந்து போடிக்கும், பூப்பாறைப் பக்கம் இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்துக்கும் நடுவே போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏறும்போது உரமும் சாணமும் அரிசி மூட்டையும், இறங்கும்போது காய்ந்த ஏலக்காயும். தோட்டத்துக்குள் பச்சைக்காய்ச் சாக்குகளை ஸ்டோருக்குக் கொண்டுபோவதும் இதுதான். மழையில் வேறு வண்டி அந்தப் பாதையில் ஏறாது.

இன்ஜின் அதே பழைய ஹரிக்கேன் பெட்ரோல். 2,199 சிசி. ஆடி மாதம் முழுவதும் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது, சைலன்சரில் வெள்ளைப் புகை. ஹெட்டைக் கழற்றினால் நான்காவது சிலிண்டரில், எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்திலிருந்து, பிஸ்டன் ஓடுகிற துளையான 'போர்' வரைக்கும் ஒரு விரிசல். நகக்கணு நீளம் இருக்கும். இந்த இன்ஜினைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்: காற்று உள்ளே வருகிற வால்வு மேலே ஹெட்டில் இருக்கிறது, புகை வெளியே போகிற வால்வு கீழே பிளாக்கில் இருக்கிறது. ஆகவே சூட்டில் வெடித்தால் பிளாக்தான் வெடிக்கும். ஹெட்டை மாற்றித் தப்பிக்க வழியில்லை.

அப்பாவுக்கு வயது 74. தீர்ப்புச் சொல்ல அவருக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. "டீசலைப் போட்டுவிடு." கம்பத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் உடைத்த ஜீப்பின் எம்டிஐ டீசல் இன்ஜின் கிடக்கிறதாம், 45,000 ரூபாய் சொல்கிறாராம். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. மலையில் இந்த வண்டி லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்தால் அது நல்ல நாள். போதாததற்கு இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலில் இரண்டு முறை பெட்ரோல் பம்பின் டயபிரம் உப்பிப்போய் நடுவழியில் நின்றிருக்கிறோம். இதெல்லாம் அவருடைய கட்சி.

என்னுடைய கட்சி வேறு. இந்த வண்டி 56 ஆண்டுகள் அதே இன்ஜினோடு இருக்கிறது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 'விஏ' எழுத்து போட்ட தனி நம்பர் கொடுக்கிறார்கள் என்று படித்தேன். அதை வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பாவிடம் சொன்னேன். "வயதாகிவிட்டது என்று மாலை போட்டு மேடையில் உட்காரவைக்க அது என்ன கட்சித் தலைவரா? சுமை இழுக்கிற வரைக்கும்தான் அதற்குப் பேர் வண்டி" என்றார். அப்பாக்கள்தான் பழையதைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், பிள்ளைகள் மாற்றச் சொல்வார்கள் என்று பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் தலைகீழ்.

டீசல் மாற்றியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எம்டிஐ இதில் உட்காருமா? என்னவெல்லாம் கூடவே மாற்ற வேண்டிவரும்? உட்காராது என்று நீங்கள் சொன்னால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம், ஆனால் அதற்காகப் பொய் சொல்ல வேண்டாம்.

லேத்துக்கடை, கோவை:

உட்காரும். மன்னிக்கவும் தம்பி.

எம்டிஐ மகிந்திராவின் சொந்த இன்ஜின். பிறந்த வீடு டிராக்டர்: இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் பி-275 டிராக்டரில் இருந்த டீசலிலிருந்து வந்த வம்சம். முதலில் 2,350 சிசி, பிறகு போரைப் பெரிதாக்கி 2,523 சிசி. இதை மகிந்திராவே ஜீப்பில் போட்டு விற்றிருக்கிறது என்பதால், அந்நிய இன்ஜினைக் கொண்டுவந்து தகடு வெட்டி ஒட்டவைக்கிற தலைவலி உங்களுக்கு இருக்காது. ஆனால் வாங்கும்போது இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள். அதே ஜீப்பின் பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற கூடு), பிளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர், இன்ஜின் கால்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். தனித்தனியாகத் தேடினால் இன்ஜின் விலைக்கு மேல் போய்விடும்.

பூட்டுவதற்கு முன் கிராங்கின் முனையில் டயல் கேஜ் வைத்து பெல் ஹவுசிங்கின் வட்டம் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஒரு மயிரிழை விலகினால்கூட ஆறு மாதத்தில் கியர்பாக்ஸின் முன் பேரிங் கத்த ஆரம்பிக்கும், அப்புறம் கியர் தானாக வெளியே குதிக்கும், மெக்கானிக் கியர்பாக்ஸைக் குறை சொல்வார். என் கடைக்கு இப்படி வருகிற கியர்பாக்ஸ்களைப் பிரித்துப் பார்த்தால் அவற்றின்மேல் ஒரு குற்றமும் இருக்காது.

இப்போது வேகம். உங்கள் ஹரிக்கேன் நிமிடத்துக்கு 4,000 சுற்று வரை போகும். டிராக்டர் வம்சத்து எம்டிஐ 3,000-க்கு மேல் போக விரும்பாது. உங்கள் வண்டியில் பெரும்பாலும் 8-க்கு 43 பல் கிரவுன் பினியன் (அச்சுக்குள் இருக்கிற பல்சக்கர ஜோடி) இருக்கும், கழற்றி எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கில் டாப் கியரில் 3,000 சுற்றுக்கு மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொடாது, அதுவும் இன்ஜின் கதறக் கதற. மலையில் பரவாயில்லை. தேனி ரோட்டில் பின்னால் வருகிற பஸ் எல்லாம் ஹாரன் அடிக்கும். 8-க்கு 39 போட்டால் 85-ஐத் தாண்டும், ஏற்றத்தில் கொஞ்சம் இழுவை குறையும். போடுவதென்றால் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒரே பல் கணக்கு இருக்க வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கரத்தையும் சேர்த்து ஓட்டினால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், நடுவில் இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரிக்கிற பெட்டி உடையும்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். டீசல் என்றால் இழுவை கூடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஹரிக்கேனின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், 111 மில்லிமீட்டர். போரை விட ஸ்ட்ரோக் அவ்வளவு நீளம், கீழ்ச் சுற்றிலேயே அது இழுக்கும். காகிதத்தில் 2,000 சுற்றில் 15 கிலோகிராம் மீட்டருக்கு மேல் முறுக்குவிசை போட்டிருப்பார்கள். அந்தக் காலத்து அமெரிக்கக் கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும், ஆனாலும் குறைவில்லை. ஜீப்களில் பின்னால் வந்த பெஜோ எக்ஸ்டிபி டீசல் 12-ஐ ஒட்டித்தான். எரிபொருள் மிச்சமாகும், அது உண்மை. இழுவைக்காக மாற்றுகிறேன் என்றால் அது மனப்பிராந்தி.

எத்தனால் விவகாரத்துக்கு டீசல் மருந்தல்ல. பம்ப் டயபிரமையும் எல்லா ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்குகிற வகையில் மாற்றுங்கள். கார்ப்பரேட்டரில் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குங்கள். முடிந்தது.

சிறுமலைக்காரி:

நாங்கள் இதைச் செய்து அனுபவித்தவர்கள். எங்களுடையது எஃப்சி அல்ல, நீள சேசிஸ் ஜீப்பில் பின்னால் தொட்டி கட்டியது. மலைவாழையும் எலுமிச்சையும் ஏற்றி திண்டுக்கல்லுக்கு இறங்குவோம். எங்கள் மலையில் 18 வளைவு, உங்களைவிட ஒன்று கூடுதல். பெஜோ எக்ஸ்டிபி போட்டோம், பத்து வருடம் ஆகிறது.

லேத்துக்கடை அண்ணன் இரும்பு சமாச்சாரம் எல்லாம் சொல்லிவிட்டார். யாரும் சொல்லாமல் நாங்களே பட்டுத் தெரிந்துகொண்ட விஷயங்களை நான் சொல்கிறேன்.

முதல் நாள் வண்டி வந்தது, பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி ஏறினோம். ஒன்பதாவது வளைவில் மழை பிடித்தது. என் வீட்டுக்காரர் வைப்பரைத் திருகுகிறார், அசையவில்லை. வயரைப் பார்க்கிறார், வயரே இல்லை. அப்போதுதான் உறைத்தது: பழைய வைப்பர் பெட்ரோல் இன்ஜினின் மேனிஃபோல்டு உறிஞ்சுகிற வேக்குவத்தில் ஓடுவது. டீசலில் காற்றை அடைக்கிற மூடி கிடையாது, ஆகவே உறிஞ்சலும் கிடையாது. குழாயைப் பட்டறையில் ஒரு போல்ட் வைத்து அடைத்து அனுப்பிவிட்டார்கள். நான் பக்கவாட்டில் தலையை நீட்டி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மேலே போனேன். உங்கள் வண்டியிலும் அதே வைப்பர்தான் இருக்கும், பாருங்கள். 12 வோல்ட் மோட்டார் வைத்து மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, டீசல் டேங்குக்குத் திரும்புகிற குழாய். பெட்ரோலில் ஒரு குழாய் போதும். டீசலில் நாசில்களிலிருந்தும் பம்பிலிருந்தும் மிஞ்சுவது டேங்குக்குத் திரும்பி வந்தாக வேண்டும். எங்கள் டேங்கில் அதற்கு வாய் கிடையாது. பட்டறைக்காரர் அதை டேங்க் மூடி வழியாகச் செருகிவிட்டார். ஒவ்வொரு வளைவிலும் டீசல் சிந்தி, வண்டியோடு ஒட்டிக்கொண்டு ஒரு நாற்றம், வாழைத்தார் வாங்குகிறவர் முகம் சுளித்தார். ஏலக்காயில் டீசல் வாடை பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டேங்கைக் கழற்றிக் கழுவி, உள்ளே துருவைச் சுரண்டி, முறையாக ஒரு வாய் வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் இருந்த டேங்கை வெல்டிங் செய்யும்போது கவனம். தண்ணீர் நிரப்பாமல் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. குழாய்க்கு ஜிஐ வேண்டாம், துத்தநாகப் பூச்சு டீசலோடு சேர்ந்து கசடாகி ஃபில்டரை அடைக்கும்.

மூன்றாவது பெரிய செலவு. ரேடியேட்டர் போதும் என்றார்கள். ஏற்றத்தில் சூடு ஏறி மூன்றாம் மாதமே ஹெட் கேஸ்கெட் போயிற்று. அந்த ஒரு வருடத்தில் சேர்த்த டீசல் மிச்சம் முழுவதும் அதிலேயே போனது. கூடுதல் வரிசை ரேடியேட்டரும் மறைப்புத் தகடும் போட்ட பிறகுதான் சரியானது.

ஒன்று கேட்கட்டுமா? எஃப்சியில் இன்ஜின் கேபினுக்குள்ளே, உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? எங்களுக்கு பானெட்டுக்கு வெளியே இருந்தே பேச முடியவில்லை. வண்டியில் போகும்போது நானும் என் வீட்டுக்காரரும் சண்டை போடுவதை நிறுத்தி விட்டோம், ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது. அது ஒன்றுதான் லாபம்.

ஏலத்தோட்டத்தான், போடி:

அம்மா, முந்தானையால் கண்ணாடி துடைத்ததை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "வைப்பர் மோட்டார் எவ்வளவு?" என்று கேட்டார். அவர் பின்வாங்குகிற ஆள் இல்லை.

லேத்துக்கடை அண்ணன், இன்று பினியனை எண்ணினேன். 8-க்கு 43 தான்.

நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து ஏலக்காய்க் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். வண்டி வருடத்துக்குச் சுமார் 2,400 கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோலில் 400 லிட்டர், 40,000 ரூபாயைத் தாண்டுகிறது. டீசல் லிட்டருக்கு 10 கொடுத்தால் 240 லிட்டர், 22,000. வருடத்துக்கு 18,000 ரூபாய் மிச்சம். மாற்றுகிற செலவு, ஆயிரம் ரூபாய்க் கணக்கில்: இன்ஜின் 45, பம்பும் நாசிலும் சரிசெய்ய 18, ரேடியேட்டர் 12, கால்கள் வெல்டிங் லேத் வேலை 20, பெரிய பேட்டரியும் ஸ்டார்ட்டர் வேலையும் 14, இரண்டு அச்சுக்கும் பல் 24, முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதல் 6, வைப்பர் டேங்க் சில்லறை 10. ஒன்றரை லட்சத்தில் ஆயிரம் குறைவு. பெட்ரோலையே சரி செய்தால், பழைய பிளாக் ஒன்று கிடைத்து எல்லா வேலையும் பார்த்தாலும் 75,000-க்குள் முடியும் என்று இங்கே மேஸ்திரி சொல்கிறார்.

வித்தியாசம் 75,000. அது கழிய நான்கு வருடம் ஆகும். நான் நோட்டை மூடப் பார்த்தேன். அப்பா விடவில்லை. "நான்கு வருடமா? ஏலச்செடி வைத்தால் மூன்றாம் வருடம்தான் காய்க்கும். அதற்கு ஒப்புக்கொள்கிறாய், இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டாயா?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. யாராவது கைகொடுங்கள்.

ஆர்சிபுத்தகம்:

கை கொடுக்கிறேன், ஆனால் இரண்டு பேருக்கும் வலிக்கும்.

இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள், காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் முப்பது வருடம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்கிறது என்றால், பதிவுச் சான்றில் இருக்கிற விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. எரிபொருளை மாற்ற ஒரு சின்ன வாசல் வைத்திருக்கிறார்கள்: சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி என்று அங்கீகாரம் பெற்ற கிட் பொருத்துகிறவர்களுக்கு. உடைத்த ஜீப்பின் டீசல் இன்ஜின் அந்த வாசலில் நுழையாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதையே அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"மலையில் ஓடுகிற ஜீப்களில் பாதி பெட்ரோலில் பிறந்து டீசலுக்கு மாறியவைதானே" என்று உங்கள் அப்பா கேட்பார். கேட்க வேண்டியதுதான். அவற்றில் பல எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மாற்றி, அப்போதே பதிவுப் புத்தகத்தில் ஏற்றியவை. நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். அந்தக் கதவு இப்போது திறந்திருக்கவில்லை. தோட்டத்துக்குள்ளேயே ஓட்டினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்றால், உங்கள் வண்டி இரண்டு மாநிலத்தின் சோதனைச்சாவடியைத் தாண்டுகிறது. பிடிபடாவிட்டாலும், வளைவில் யார் மீதாவது இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இன்ஜின் நம்பரை.

இது அப்பாவுக்கு. இப்போது உங்களுக்கு.

'விஏ' நம்பர் 2021-இல் வந்த விதி. ஐம்பது வயது தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டி, அசல் நிலையில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. இதுவரைக்கும்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள் போலும். அடுத்த வரியையும் படியுங்கள்: அந்த நம்பர் வாங்கிய வண்டியை அன்றாட உபயோகத்துக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பழுது பார்க்க, எரிபொருள் நிரப்ப, அவ்வளவுதான். உரமூட்டை ஏற்றி 17 வளைவு ஏற முடியாது. நீங்கள் ஒரே வண்டிக்குள் இரண்டு வண்டியைத் தேடுகிறீர்கள்.

மலைப்பாதை:

ஊர்வலம் போகிற வண்டிக்கு ஏலக்காய் மாலை போடலாம். வீட்டிலேயே இருக்கிறது.

லேத்துக்கடை, கோவை:

ஆர்சிபுத்தகம் ஐயா சொல்வதற்கு மேல் நான் பேச முடியாது. டீசல் வேலை எனக்கு வர வேண்டியது, அதையும் ஐயா கெடுத்துவிட்டார்.

பெட்ரோல்தான் என்று முடிவானால், விரிசல் விழுந்த பிளாக்கைத் தூக்கி எறியாதீர்கள். அதில் இருக்கிற இன்ஜின் நம்பர்தான் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. வேறு பிளாக் போட்டால் அதற்கும் ஒரு விண்ணப்பம். அதைவிட இதையே தைப்பது மேல். சூடாக்கி வெல்டிங் செய்வதை நான் சொல்லவில்லை. வார்ப்பிரும்பை அப்படிச் செய்தால் பக்கத்தில் புதிதாக ஒரு விரிசல் கிளம்பும். விரிசலின் இரண்டு முனையிலும் துளையிட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, குறுக்கே பூட்டுப் போலத் தகடுகளை இறக்கி, நீளவாக்கில் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி திருகுகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். நெருப்பே கிடையாது. பிறகு நான்காவது போருக்கு ஸ்லீவ் என்கிற உள் உறையை இறக்கி, வால்வு உட்காருகிற இடத்துக்குப் புதிய வளையம். முடிந்ததும் தண்ணீர் அழுத்தம் கொடுத்து, ஓர் இரவு அப்படியே விட்டுப் பார்க்க வேண்டும். நகக்கணு நீள விரிசல் என்றால் நம்பிக்கையாகச் செய்யலாம். ஆனால் ஹெட் பக்கமிருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், போரின் உள்ளே எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஏன் வெடித்தது என்றும் பாருங்கள். நான்காவது சிலிண்டர் கடைசியில் இருக்கிறது. பிளாக்கின் தண்ணீர்ப் பாதையில் ஐம்பது வருடச் சேறும் துருவும் வந்து தங்குகிற இடமும் அதுதான். பக்கவாட்டு மூடிகளைத் தட்டி எடுத்துக் கம்பி விட்டுக் கிளறினால் ஒரு கைப்பிடி வரும். அதை எடுக்காமல் தைத்தால் அடுத்த ஆடிக்கு மறுபடியும் தையல்.

சிறுமலைக்காரி:

எங்கள் வண்டி 1998-லேயே டீசல் என்று புத்தகத்தில் ஏறியது, பழைய உரிமையாளர் போட்ட வேறு டீசலை எடுத்துவிட்டுத்தான் நாங்கள் பெஜோ போட்டோம், அதையும் எழுதிக் கொடுத்தோம் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் ஆர்சிபுத்தகம் ஐயா சிறுமலைக்கு வந்துவிடுவார்.

ஏலத்தோட்டத்தான், போடி:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். அறுவடைச் சுற்று, எழுத நேரமில்லை.

ஆர்சிபுத்தகம் ஐயா எழுதியதைத் தாளில் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஆறு மாதம் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இது எழுதிப் போட்டிருக்கிறார்களே தவிர, யாரையும் உள்ளே வைக்க மாட்டார்கள்" என்றார். ஆனால் இன்ஷூரன்ஸ் வரியில் கொஞ்ச நேரம் நின்றார். பல வருடத்துக்கு முன்பு எட்டாவது வளைவில் பிரேக் பிடிக்காமல் ஒரு வேலிக்கல்லில் முட்டி நின்றது எங்கள் வண்டி. உள்ளே தோட்டத்து ஆட்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர் அதை நினைத்தார் என்று நினைக்கிறேன், சொல்லவில்லை. "சரி, தை" என்றார்.

'விஏ' நம்பரை நானும் விட்டுவிட்டேன். வருடத்தில் இரண்டு ஊர்வலத்துக்காகத் தோட்டத்துக்கு இன்னொரு வண்டி வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். நான் இங்கே உங்களிடம் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், அப்பா கம்பத்துக்காரருக்கு 10,000 முன்பணம் கொடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நேற்று மாலை டிராக்டர் டிரெய்லரில் எம்டிஐ இன்ஜின் வந்து இறங்கிவிட்டது. மிச்சப் பணத்தையும் கொடுத்தாயிற்று. பலா மரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். கோழி ஒன்று அதன்மேல் அடைகிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்றேன், வாக்குக் கொடுத்தாயிற்று என்கிறார். இப்போது அதை ஓடைக்கரையில் காங்கிரீட் போட்டு நிறுத்தி, பெல்ட் மாட்டி, மேல்தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை ஓட்டலாம் என்று திட்டம். கோடையில் ஏலத்துக்குத் தண்ணீர் இல்லாமல் போன வருடம் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். டிராக்டரில் பிறந்தது, ஒரே சுற்றில் நாள் முழுக்க ஓடும் என்கிறார். 1,500 சுற்றில் நிறுத்தி வைத்தால் போதுமா, சுற்று வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரில் ஏதாவது திருத்த வேண்டுமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். அவர் இந்தப் பக்கத்தை நான் படித்துக் காட்டாமலே படிக்க ஆரம்பித்துவிட்டார், பேரன் காட்டிக் கொடுத்துவிட்டான்.

லேத்துக்கடை அண்ணன், வியாழக்கிழமை பிளாக்கை எடுத்துக்கொண்டு கோவைக்கு வருகிறேன். கிராங்கைத் தோட்டத்திலேயே வைத்துவிட்டு வரட்டுமா?

லேத்துக்கடை, கோவை:

1,500 போதும். கவர்னரைத் தொட வேண்டாம், பம்புப் புல்லியின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். ரேடியேட்டரை ஓடைத் தண்ணீரில் நேராக இணைக்கிற யோசனை ஐயாவுக்கு வரும், வேண்டாம் என்று சொல்லுங்கள், உள்ளே சேறு கட்டும்.

கிராங்கையும் கொண்டு வாருங்கள். ஸ்லீவ் இறக்கிய பிறகு மெயின் பேரிங் வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று மெயின் தொப்பிகளையும் கழற்றுவதற்கு முன், எது எந்த இடம், எந்தப் பக்கம் முன்னால் என்று சென்டர் பஞ்சால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சாக்பீஸில் எழுதாதீர்கள், மலை இறங்குவதற்குள் அழிந்துவிடும்.